கணக்குத் தப்பாத மின்னூட்டம்

மும்பையின் செம்பூரை அடுத்த மாஹுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அருகருகே இருக்கின்றன. 1950களின் நடுவில் அயல்நாட்டு நிறுவனங்கள் தொடங்கியவை. 1970களில் அரசுடைமையாகி எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். என்று பெயர் மாறின. இப்படிப்பட்ட இடங்களில் எண்ணெய் ஏற்ற வந்து நிற்கும் டேங்கர் லாரிக்கு முதலில் நடப்பது ஒரு சின்ன வேலை. லாரியின் இரும்பு உடலில் எர்த் கம்பியின் கிளிப்பை மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வால்வு திறக்கும். திறந்த பிறகும் அவசரம் காட்டுவதில்லை. குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை, பாயும் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது உலகம் முழுவதும் எண்ணெய்த் தொழில் கடைப்பிடிக்கும் விதி.

லாரியில் மின்சாரம் ஏதும் பாய்ச்சவில்லை. ஆனாலும் இந்த எச்சரிக்கைக்குக் காரணம் மின்சாரம்தான். பெட்ரோல், டீசல் போன்றவை மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை. குழாய்க்குள் ஓடும்போது அவற்றில் கலந்திருக்கும் துளி மாசுகளின் அயனிகளில் ஒரு வகை குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மறு வகை எண்ணெயோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்விடுகிறது. எண்ணெயில் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்ததோ, அதே அளவு எதிர்க்குறியோடு குழாயில் நிற்கிறது. புதிதாக எதுவும் பிறக்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்தது பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரிந்தது எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போதும். உலர்ந்த நாளில் செயற்கை இழைச் சட்டை போட்ட ஒருவரின் உடல், தரையோடு தொடர்பில்லாமல், 5,000 வோல்ட் வரை ஏறுவது அரிதல்ல. அப்போது அவர் விரலிலிருந்து தாவும் பொறியில் சுமார் இரண்டு மில்லிஜூல் இருக்கும். பற்றவைக்கத் தேவையானதைப்போல் பத்து மடங்கு. அந்த ஆள் கூடுதலாகச் சுமந்திருந்த எலெக்ட்ரான்கள் சுமார் ஐந்து லட்சம் கோடி. பெரிய எண்தான். ஆனால் அவர் உடலில் ஏற்கெனவே இருக்கும் எலெக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், அது நாற்பது கோடி கோடியில் ஒன்று. இவ்வளவு நுண்ணிய சமனின்மை ஒரு டேங்கரையே கொளுத்திவிட முடியும் என்றால், மிச்சமுள்ள அத்தனையும் எவ்வளவு துல்லியமாக ஈடுகட்டப்பட்டிருக்க வேண்டும்!

மின்னூட்டத்தைப் பற்றிய பாடங்கள் பொதுவாகப் பொறியில் தொடங்கிப் பொறியிலேயே முடிந்துவிடுகின்றன. சீப்பு, காகிதத் துண்டு, கண்ணாடித் தண்டு, பட்டுத்துணி. அவை தேவைதான். ஆனால் உண்மையில் வியக்க வேண்டியது பொறி அல்ல, பொறி எழாத மற்ற நேரமெல்லாம் நிலைத்திருக்கும் சமன்.

அடிப்படைகள் சில வரிகளில் அடங்கும். மின்னூட்டம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரக்கூடியது என்று 1729இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே காட்டினார். அது இரண்டு வகை என்று 1733இல் பிரான்சின் டூ ஃபே கண்டார். 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்லின் அவற்றுக்கு நேர், எதிர் என்று குறி கொடுத்தார். எதற்கு எந்தக் குறி என்பது வெறும் தேர்வு. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது அது எதிர்க்குறிப் பக்கம் அமைந்துவிட்டது. அதனால்தான் இன்றும் சுற்றுப்படத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி ஒரு பக்கமும் எலெக்ட்ரான் மறுபக்கமுமாகப் போகின்றன. 1785இல் கூலூம் விசையை அளந்தார்: தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகும். ஈர்ப்பு விசைக்கும் இதே விதிதான். வலிமையில் மட்டும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை, அவற்றுக்கிடையிலான ஈர்ப்பைவிட 1க்குப் பின் 36 சுழி போட்ட அளவு பெரியது.

ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். 200 கிராம். அதிலுள்ள எலெக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் சுமார் ஒரு கோடி கூலூம். ஜூன் மாதம் மும்பைக்கு மேல் பளிச்சிடும் மின்னல் ஒன்று தரைக்குக் கொண்டுவருவது ஏறத்தாழ இருபது கூலூம். ஐந்து லட்சம் மின்னலுக்குரிய மின்னூட்டம் அந்தத் தம்ளரில் சத்தமில்லாமல் இருக்கிறது. ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் ஈடாக ஒரு புரோட்டான் அங்கேயே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

மழைக்காலத்தில் இந்தப் பாடம் இன்னும் சிக்கலாகிறது. பள்ளி திறந்து ஜூலையில் நிலைமின்னியல் நடத்தப் போனால், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எந்த ஆய்வகத்திலும் கண்ணாடித் தண்டு ஒத்துழைக்காது. மின்காட்டியின் தங்க இலை விரிந்த கையோடு தளர்ந்துவிடும். ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் இப்படி ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நீராவி நல்ல கடத்தி இல்லை. காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியின் மேலும் காப்புப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தின் வழியாகவே மின்னூட்டம் கசிந்து போகிறது. தண்டையும் துணியையும் முதலில் சூடுகாட்டி உலர்த்திவிட்டால் மழை நாளிலும் சோதனை ஓரளவு நடக்கும். கடலோர நகரத்துப் பிள்ளைகளுக்கான பாடநூலில் இந்தக் குறிப்பு கட்டாயம் இடம்பெற வேண்டும்.

சரி, பொறியைத் தாண்டி மின்னூட்டம் எங்கே வேலை செய்கிறது? தாராவியின் தோலில்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவி தோல் பதனிடும் இடமாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் பல தலைமுறையாக அந்த டேனரிகளில் உழைத்தார்கள். மாசுக் கட்டுப்பாடு இறுகிய பிறகு பச்சைத் தோலைப் பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியேறிவிட்டது. பதப்பட்ட தோலை வாங்கிப் பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பட்டறைகளுக்கு வரும் தோலில் பெரும்பங்கு குரோமில் பதனிட்டது. குரோம் பதனிடல், தொடக்கம் முதல் முடிவு வரை, மின்னூட்டத்தைக் கையாளும் கலை.

தோலின் உயிர்ப்பொருள் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் கண்டுபிடித்தார்கள். அந்த இழைகளின் ஓரங்களில் இரண்டு வகைத் தொகுதிகள் தொங்குகின்றன: எதிர் மின்னூட்டம் ஏற்கும் கார்பாக்சில் தொகுதிகள், நேர் மின்னூட்டம் ஏற்கும் அமினோ தொகுதிகள். முடி நீக்கிய தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் முதலில் ஊறவைக்கிறார்கள். தொழிலில் அதற்குப் பிக்கிள் என்று பேர். அமிலம் அதிகமானதும் கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு தங்கள் எதிர் மின்னூட்டத்தை இழக்கின்றன. மிஞ்சுவது நேர் மின்னூட்டம் மட்டும். ஒரே குறி கொண்டவை ஒன்றையொன்று தள்ள, தோல் நீரை உள்வாங்கி ஊதத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் உப்பு. பிறகு மூன்று நேர் மின்னூட்டம் கொண்ட குரோமியம் அயனிகளை டிரம்மில் சேர்க்கிறார்கள். கவர்ந்திழுக்க எதிர் மின்னூட்டம் எங்கும் இல்லாததால் அவை மேற்பரப்பிலேயே ஒட்டி நின்றுவிடாமல் தோலின் நடுவரை ஊடுருவுகின்றன. உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு, சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தைக் குறைக்கிறார்கள். கார்பாக்சில் தொகுதிகள் மீண்டும் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. காத்திருக்கும் குரோமியம் அவற்றைப் பற்றி, பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பிணைத்துவிடுகிறது.

நீலநிறமாகி வெளிவரும் அந்தத் தோலுக்கு வெட் ப்ளூ என்று பேர். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். பச்சைத் தோல் 65 டிகிரி அளவிலேயே சுருண்டுவிடும். குரோம் தோல் கொதிநீரில் சுருங்காமல் கிடக்கும். முதலில் மின்னூட்டத்தை மறைத்து, பிறகு வெளிப்படுத்தும் இந்த உத்தியைப் பதனிடுவோர் கைப்பழக்கத்திலும் பிஎச் தாளிலும் கற்று வைத்திருக்கிறார்கள். கூலூம் விதியின் பெயரைக் கேட்டிராத பட்டறைத் தொழிலாளி அதன் விளைவை விரல் நுனியில் அறிந்திருப்பதை இயற்பியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னால் தாராவிப் பிள்ளைகளுக்குப் பாடம் தங்கள் வீட்டுக் கதையாகும்.

டிராம்பேயில் இதற்கு நேர்மாறான உத்தி. அங்கே டாடாவின் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகு 1984இல் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி எரியும் நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் நிலைமின் வடிகட்டி இருக்கும். பல்லாயிரம் வோல்ட் எதிர் அழுத்தத்தில் தொங்கும் கம்பிகளைச் சுற்றிலும் காற்று அயனியாகி, கடந்துபோகும் சாம்பல் துகள்களின் மேல் எலெக்ட்ரான்களை ஏற்றுகிறது. மின்னூட்டம் பெற்ற சாம்பல் எதிரே நிற்கும் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ள, சுத்தியல்கள் தட்டி உதிர்க்கின்றன. சுற்றியுள்ள செம்பூரின் காற்று பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளால் பட்ட பாட்டுக்கு இது மட்டும் மருந்தல்ல. ஆனால் இது இல்லாவிட்டால் அந்தச் சாம்பல் மாடிகளில் உலரும் துணியில் படிந்திருக்கும்.

மின்னூட்டம் துண்டு துண்டாகத்தான் வரும் என்பது அடுத்த செய்தி. 1909இல் சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை இரண்டு தகடுகளுக்கிடையே மிதக்கவிட்டு அளந்தார். எந்தத் துளியின் மின்னூட்டமும் ஒரு குறிப்பிட்ட அளவின் முழு மடங்காகவே இருந்தது. 1913இல் அவர் வெளியிட்ட மதிப்பு சரியானதைவிடச் சற்றுக் குறைவு. காற்றின் பாகுநிலையை அவர் தவறாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிழை 1930களில்தான் திருத்தப்பட்டது. 2019 மே 20 முதல் இந்த அடிப்படை அளவை யாரும் அளப்பதில்லை. 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று அதை நிர்ணயித்துவிட்டு, ஆம்பியரை அதிலிருந்து வரையறுக்கிறார்கள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கு இந்த அளவில் மூன்றில் ஒரு பங்கும் மூன்றில் இரண்டு பங்கும் உண்டு; ஆனால் தனிக் குவார்க்கை எவரும் வெளியே பிடித்ததில்லை.

இந்தத் துண்டுக் கணக்கை மும்பையில் கண்கூடாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில், அந்த நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தும் பெல்லட்ரான் முடுக்கி 1988 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. செங்குத்தாக நிற்கும் பெரிய எஃகுத் தொட்டி. உள்ளே பொறி தாவாமல் தடுக்கும் வாயு. நடுவில் 14 மெகாவோல்ட் வரை ஏறக்கூடிய முனையம். அந்த முனையத்துக்கு மின்னூட்டத்தை ஏற்றுவது ஒரு சங்கிலி. உலோக உருளைகளை நைலான் துண்டுகளால் கோத்த சங்கிலி அது. ஒவ்வோர் உருளையும் கீழே நிலைமின் தூண்டலால் மின்னூட்டம் பெற்று, மேலே போய் முனையத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. உராய்வு இல்லை, தேய்ப்பு இல்லை. பள்ளியில் இரண்டு உலோகக் கோளங்களை வைத்துக் காட்டும் தூண்டல் சோதனையின் மாபெரும் வடிவம்தான் இது.

இதன் அழகு, ஒரே மின்னழுத்தத்தை இரண்டு முறை பயன்படுத்துவதில் இருக்கிறது. ஆக்சிஜன் அணு ஒன்றுக்கு ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்து எதிர் அயனியாக்கி மேலிருந்து செலுத்துகிறார்கள். நேர் மின்னூட்டம் கொண்ட முனையம் அதை இழுக்கிறது. முனையத்தை அடைந்ததும் மிக மெல்லிய கார்பன் ஏட்டை அது துளைத்துச் செல்லும்போது, அந்தக் கூடுதல் எலெக்ட்ரானோடு இன்னும் பலவும் உரிந்து போகின்றன. உள்ளே எதிர் அயனியாக வந்தது நேர் அயனியாக வெளியேறுகிறது. இழுத்த அதே முனையம் இப்போது தள்ளுகிறது. முனையம் 12 மெகாவோல்ட்டில் இருந்து, ஆறு எலெக்ட்ரான் குறைந்த அயனியாக அது வெளியேறினால், முதல் பாதியில் 12, இரண்டாம் பாதியில் 72, மொத்தம் 84 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட். கீழே காந்தம் இந்தக் கற்றையை வளைத்துப் பிரிக்கும்போது +5, +6, +7 என்று தனித்தனிக் கற்றைகள் கிடைக்கின்றன. ஐந்தரை என்று ஒன்று கிடைப்பதே இல்லை. ஏட்டில் உரிந்த எலெக்ட்ரான்களும் காணாமல் போய்விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் முனையத்தின் மின்னூட்டக் கணக்கில் இடம் உண்டு.

மின்னூட்டம் அழியாது என்பதற்கு இன்னும் ஆழமான சான்று, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய மும்பைக்காரர் ஹோமி பாபாவின் இளமைக்கால ஆய்வோடு தொடர்புடையது. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைக் கேம்பிரிட்ஜில் இருந்தபோது அவர் கணக்கிட்டு 1936இல் வெளியிட்டார். பாபா சிதறல் என்று உலகம் அதை அழைக்கிறது. அந்த மோதலில் இரண்டு துகள்களும் மறைந்து, ஆற்றலிலிருந்து புதிய சோடி பிறக்கவும் கூடும். துகளே அழியலாம், பிறக்கலாம். மொத்த மின்னூட்டம் மட்டும் மோதலுக்கு முன்னும் சுழி, பின்னும் சுழி. எலெக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் இயந்திரங்கள் தங்கள் கற்றையின் செறிவை அளக்க இன்றும் இந்தக் கணக்கையே நம்பியிருக்கின்றன.

இவ்வளவு திட்டவட்டமான விதி இருந்தும், வீட்டு மின்கட்டணத்தில் மக்கள் மின்னூட்டத்துக்குக் காசு கொடுப்பதாக எண்ணுகிறார்கள். மீட்டரில் ஏறும் யூனிட் ஆற்றலின் கணக்கு. கம்பியில் வந்த மின்னூட்டம் அத்தனையும் திரும்பிப் போய்விடுகிறது. மிக்சியும் மின்விசிறியும் ஓர் எலெக்ட்ரானைக்கூடத் தீர்த்துவிடுவதில்லை.

ரயிலில் இது இன்னும் தெளிவாகும். இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் குர்லாவுக்கு ஓடியது. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 200 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1,000 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், எலெக்ட்ரான்கள் நகரும் வேகம் விநாடிக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மீட்டர் கடக்க முக்கால் மணி நேரம். வண்டியோ சுவிட்சைப் போட்டதும் கிளம்புகிறது, ஏனென்றால் கம்பி நெடுக விரைவது எலெக்ட்ரான் அல்ல, அதைத் தள்ளும் மின்புலம். 2016 ஏப்ரலில் ஹார்பர் பாதையும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. இப்போது எலெக்ட்ரான்கள் முன்னேறுவதே இல்லை. 100 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 200 ஆம்பியர் என்றால், அவை நின்ற இடத்திலேயே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம் முன்னும் பின்னும் ஆடுகின்றன. செம்பூர் நிலையத்தில் நெரிசலோடு வந்து நிற்கும் ஒவ்வொரு லோக்கலையும் இழுப்பது இந்த ஆட்டம்.

நகரும் மின்னூட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். இதனால் மும்பையில் ஓர் ஆய்வகமே இடம்பெயர நேர்ந்தது. கொலாபா வானாய்வகத்தில் 1840களிலிருந்து பூமியின் காந்தத்தைப் பதிந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் அடித்த மாபெரும் சூரியப் புயலின் பதிவு அங்கே இருக்கிறது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் நுண்ணிய காந்தமானிகளைக் குழப்பும் என்பதால், இயக்குநர் நானாபாய் மூஸ் தலைமையில் பதிவுகளை விரிகுடாவுக்கு அப்பால் அலிபாகுக்கு மாற்றினார்கள். அலிபாக் 1904இல் தொடங்கியது. ஒப்பிட்டுச் சரிபார்க்க இரண்டு இடங்களிலும் சில காலம் சேர்த்தே அளந்தார்கள். டிராம் 1907இல் ஓடியது. வரப்போகும் இடையூறை முன்கூட்டியே கணித்து, நெடுங்காலத் தொடர் அறுந்துபோகாமல் காத்த அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

இத்தனைக்கும் பிறகு நிற்கும் கேள்வி ஒன்று: புரோட்டானின் மின்னூட்டமும் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் ஏன் அளவில் சமம்? எலெக்ட்ரான் உட்கூறு எதுவும் காணப்படாத அடிப்படைத் துகள். புரோட்டான் குவார்க்குகளின் கூட்டு. எடையில் 1,836 மடங்கு வேறுபாடு. இயக்கத்திலும் ஒற்றுமை இல்லை. தங்க அணுவின் உள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் விரைகின்றன. வேகத்துக்கேற்ப மின்னூட்டம் மாறுவதாக இருந்தால் காதில் போட்ட கம்மலே மின்னூட்டத்தோடு இருக்கும். அப்படி இல்லை. 1959இல் லிட்டில்டனும் போண்டியும் ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார்கள்: இரண்டு மின்னூட்டமும் 10¹⁸இல் இரண்டு பங்கு அளவுக்கு மட்டும் வேறுபட்டிருந்தால், அந்த விலக்கு விசையே ஈர்ப்பை வென்று பிரபஞ்சம் விரிவதை விளக்கிவிடும். ஆய்வகங்கள் அளந்து பார்த்தன. வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இருந்தாலும் அது 10²¹இல் ஒரு பங்கு அளவுக்குள்தான் இருக்க முடியும்.

விளக்கம் தர இரண்டு பாதைகள் முயலப்பட்டன. ஒற்றைக் காந்த முனை உலகில் எங்கேனும் ஒன்று இருந்தாலே மின்னூட்டம் துண்டு துண்டாகத்தான் வந்தாக வேண்டும் என்று 1931இல் டிராக் நிறுவினார். காந்தத்தை எவ்வளவு வெட்டினாலும் இரு முனைகளும் சேர்ந்தே வருகின்றன. ஒற்றை முனையை ஜெனீவாவின் செர்ன் வரை தேடியும் கிடைக்கவில்லை. இரண்டாவது பாதை, குவார்க்குகளையும் எலெக்ட்ரானையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் பெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. அதில் குடும்பத்தின் மொத்த மின்னூட்டம் சுழியாக இருக்க வேண்டும் என்பதால் எலெக்ட்ரானும் புரோட்டானும் தாமாகவே ஈடாகிவிடுகின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. புரோட்டான் என்றாவது சிதைய வேண்டும். அப்போதும், அதன் நேர் மின்னூட்டத்தை ஒரு பாசிட்ரான் எடுத்துச் செல்லும்.

இதைச் சோதிக்க உலகில் முதலில் இறங்கிய குழுக்களில் ஒன்று மும்பையிலிருந்து கிளம்பியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வெட்டிய கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்புத் தகடுகளுக்கிடையே உணர்கருவிகளை அடுக்கி 1980 இறுதியில் காத்திருக்கத் தொடங்கினார்கள். புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். வேறு எந்தச் சோதனையும் அதை உறுதிசெய்யவில்லை. ஜப்பானின் சூப்பர் காமியோகண்டே, 50,000 டன் தண்ணீரோடு 1996 முதல் கண்காணித்து வருகிறது. அதன் கணக்குப்படி பாசிட்ரான் வழியில் சிதைவதாக இருந்தால் புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுகளுக்கும் மேல். கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அடுத்த தேடலுக்காக ஜப்பானில் ஹைப்பர் காமியோகண்டேயும் அமெரிக்காவில் டியூனும் கட்டப்பட்டு வருகின்றன. இந்திய ஆய்வுக்கூடங்கள் பல இரண்டாவதில் பங்கேற்கின்றன.